தொலைவிடக் கருவிகளுக்கான சூரிய மின்வழங்கல்

தொலைவிடக் கருவிகளுக்கான சூரிய மின்வழங்கல் என்பது, மின்வாரியக் கம்பி எட்டாத இடங்களிலும், எட்டினாலும் மின்சாரம் சீராகக் கிடைக்காத இடங்களிலும் பேட்டரியால் இயங்கும் கருவிகளுக்குச் சூரியத் தகட்டின் வழியாக மின்சாரம் அளிக்கும் முறை ஆகும். தானியங்கி வானிலை நிலையங்கள், மழைமானிகள், நீர்மட்ட அளவிகள், கம்பியில்லா இணையக் கோபுரங்கள், கண்காணிப்புக் கேமராக்கள், தெருவிளக்குகள், தோட்டங்களின் மின்வேலிகள் முதலியன இம்முறையில் இயங்குகின்றன.

இவ்வமைப்பில் சூரியத் தகடு 25 ஆண்டுகள் வரை உழைக்கக் கூடியது. பேட்டரியோ தவறாகப் பயன்படுத்தினால் ஓரிரு ஆண்டுகளிலேயே கெட்டுவிடும். எனவே பராமரிப்பு என்பது பெரும்பாலும் பேட்டரியை வெப்பத்திலிருந்தும், அளவுமீறிய மின்னிறக்கத்திலிருந்தும் காப்பதே ஆகும். மேலும், மழை, புயல் போன்ற நாட்களில்தான் இக்கருவிகள் மிகவும் தேவைப்படுகின்றன. அந்நாட்களில்தான் வெயில் மிகக் குறைவாகக் கிடைக்கின்றது. இக்கட்டுரை மதுரை நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையின் அமைப்பு, பராமரிப்பு, பாதுகாப்பு ஆகியவற்றை விளக்குகின்றது.

வரலாறு

சிலிக்கானால் ஆன, நடைமுறைக்கு உகந்த முதல் சூரியக் கலம் 1954 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. அதன் முதல் பயன்பாடுகளுள் ஒன்று தொலைவிடக் கருவி ஒன்றுக்கு மின்சாரம் அளிப்பதாகவே இருந்தது. 1955 இல் சியார்சியா மாநிலத்தின் அமெரிக்கசு என்னும் ஊருக்கு அருகே கிராமத் தொலைபேசித் தடம் ஒன்றில் அது சோதிக்கப்பட்டது.

1958 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட வான்கார்டு 1 செயற்கைக்கோளில் இரண்டு வானொலி அலைபரப்பிகள் இருந்தன. பேட்டரியால் மட்டும் இயங்கியது அதே ஆண்டு சூன் மாதத்தில் நின்றுபோனது. சூரியக் கலங்களால் இயங்கியது 1964 வரை குறிப்பலைகளை அனுப்பியது. ஆளில்லாத இடத்தில் நெடுங்காலம் இயங்கச் சூரிய ஆற்றல் ஏற்றது என்பதற்கு இது தொடக்ககாலச் சான்றாக அமைந்தது.

இந்தியாவில் 1974 இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான சென்ட்ரல் எலக்ட்ரானிக்சு நிறுவனம் 1977 இல் நாட்டின் முதல் சூரியக் கலத்தையும், 1978 இல் முதல் சூரியத் தகட்டையும் உருவாக்கியது. பின்னர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தானியங்கி வானிலை நிலையங்கள் நாடெங்கும் நிறுவப்பட்டன. இவை சூரியத் தகட்டால் மின்னேற்றம் பெறும் 12 வோல்ட் பேட்டரியில் இயங்குபவை.

அமைப்பு

இம்மின்வழங்கலில் நான்கு முதன்மை உறுப்புகள் உள்ளன.

1. சூரியத் தகடு. இது ஒளியை நேர்மின்னோட்டமாக மாற்றுகின்றது. ஒரு சிலிக்கான் கலம் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 வோல்ட் வரை தருகின்றது. 12 வோல்ட் பேட்டரிக்கு உரிய தகட்டில் பொதுவாக 36 கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். சுமை இல்லாதபோது இதன் மின்னழுத்தம் சுமார் 21 முதல் 22 வோல்ட்; மிகுந்த திறனைத் தரும்போது சுமார் 17 முதல் 18 வோல்ட்.

2. மின்னேற்றக் கட்டுப்படுத்தி. கடைகளில் சார்ச் கன்ட்ரோலர் என்று கேட்டால் கிடைக்கும். பேட்டரி அளவுக்கு மீறி மின்னேறாமலும், அளவுக்கு மீறி இறங்காமலும் இது காக்கின்றது. எளிய வகை தகட்டைப் பேட்டரியின் மின்னழுத்தத்திலேயே இயக்கும். உச்சத்திறன் தேடும் வகை தகட்டை அதன் சிறந்த மின்னழுத்தத்தில் இயக்கிக் கூடுதல் ஆற்றலைப் பெறும்.

3. பேட்டரி. பகலில் கிடைக்கும் ஆற்றலை இரவுக்கும் மழை நாட்களுக்கும் சேமித்து வைக்கின்றது. ஈய-அமில வகையும், லித்தியம் இரும்புப் பாசுபேட்டு வகையும் மிகுதியாகப் பயன்படுகின்றன.

4. சுமை. மின்சாரத்தைப் பயன்படுத்தும் கருவி இவ்வாறு அழைக்கப்படுகின்றது.

மதுரைச் சமவெளியின் தட்பவெப்பம்

மதுரை ஏறக்குறைய வடக்கு 9.9 பாகையில் அமைந்துள்ளது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகத்து இறுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலே இருந்து சற்று வடக்கே நிற்கும். டிசம்பர் 21 ஆம் நாளை ஒட்டி அது தெற்கே சாய்ந்து, நண்பகலில் சுமார் 57 பாகை உயரத்தில் மட்டுமே காணப்படும்.

ஒரு சதுர மீட்டர் கிடைத்தளத்தில் விழும் சூரிய ஆற்றல் ஆண்டுச் சராசரியில் நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோவாட் மணி ஆகும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது சுமார் 4 முதல் 4.5 வரை குறைகின்றது. தொடர்மழை நாட்களில் இதிலும் பாதிக்குக் கீழே போவதுண்டு. எனவே ஆண்டுச் சராசரியை வைத்துக் கணக்கிடப்பட்ட அமைப்பு பங்குனி வெயிலில் குறையின்றி இயங்கி, ஐப்பசி மழையில் நின்றுபோகும். மழைமானி போன்ற கருவிக்கு இது பெருங்குறை ஆகும். ஆண்டு முழுவதும் வேலை செய்துவிட்டுப் பெருமழை பெய்த அன்று பதிவு இல்லாமல் போனால், அது நிறுவப்பட்ட நோக்கமே நிறைவேறுவதில்லை.

கோடையில் வெயில் மிகுந்திருந்தாலும் வெப்பம் தகட்டின் திறனைக் குறைக்கின்றது. தகட்டின் மீது அச்சிடப்பட்டுள்ள வாட் அளவு, கலத்தின் வெப்பநிலை 25 பாகை செல்சியசாக இருக்கும்போது அளக்கப்பட்டது. காற்றின் வெப்பநிலை 40 பாகையாக உள்ள சித்திரை நண்பகலில் கலத்தின் வெப்பநிலை 65 பாகையை எட்டக்கூடும். ஒரு பாகைக்குச் சுமார் 0.4 விழுக்காடு இழப்பு எனக் கொண்டால், 40 பாகை உயர்வுக்குத் திறன் ஏறக்குறைய 16 விழுக்காடு குறையும். 17.5 வோல்ட் தர வேண்டிய தகடு 15 வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவாகவே தரும். பேட்டரி முழுமையாக மின்னேற 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டியிருப்பதால், இடையிலுள்ள கம்பியில் சிறிது இழப்பு ஏற்பட்டாலும் மின்னேற்றம் குறைபடும்.

அளவிடும் முறை

கணக்கீட்டைச் சுமையிலிருந்து தொடங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இரவும் பகலும் 5 வாட் எடுத்துக்கொள்ளும் கம்பியில்லா இணையக் கருவி ஒன்றைக் கொள்வோம்.

நாள் தேவை: 5 வாட் × 24 மணி = 120 வாட் மணி. 12 வோல்ட்டில் இது 10 ஆம்பியர் மணி.

பேட்டரி: வெயிலே இல்லாத 5 நாட்களுக்கு 50 ஆம்பியர் மணி தேவை. ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காதிருக்க 100 ஆம்பியர் மணி கொள்ளளவு வேண்டும்.

தகடு: பருவமழைக் காலத்தில் நாளொன்றுக்கு 4 மணி நேர முழுவெயிலுக்கு ஈடான ஆற்றல் கிடைப்பதாகவும், வெப்பம், தூசி, கம்பி, பேட்டரி ஆகியவற்றின் இழப்புகள் போக 65 விழுக்காடு பயன்படுவதாகவும் கொண்டால், 120 ÷ (4 × 0.65) = 46 வாட்.

இங்கு ஒரு பொதுவான தவறு நேர்கின்றது. 46 வாட் என்பது அன்றன்றைய தேவையை மட்டுமே நிறைவு செய்யும். ஐந்து மழை நாட்களில் இழந்த 600 வாட் மணியை மீண்டும் நிரப்ப அதில் மிச்சம் எதுவும் இராது. 75 வாட் தகடு நாளொன்றுக்கு 195 வாட் மணி தரும். அன்றாடத் தேவை போக 75 வாட் மணி மிஞ்சும். பேட்டரி நிரம்ப 8 நாட்கள் ஆகும். 100 வாட் தகடு 260 வாட் மணி தரும், 140 மிஞ்சும், நான்கைந்து நாட்களில் நிரம்பிவிடும். கார்த்திகையில் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே கிடைக்கும் வெயில் நாட்கள் சிலவே என்பதால் பெரிய தகடே பொருத்தமானது. தகட்டின் விலையைவிட, பாதி மின்னேற்றத்தில் பல வாரங்கள் கிடந்து கெட்டுப்போகும் பேட்டரியின் விலை அதிகம்.

சுமையைக் குறைத்தல்

தகட்டைப் பெரிதாக்குவதைக் காட்டிலும் சுமையைக் குறைப்பது பெரும்பாலும் எளிது. மேற்கண்ட 5 வாட் கருவி மணிக்கு 5 நிமிடம் மட்டும் விழித்திருந்து, தரவை அனுப்பிவிட்டு உறங்குமாறு நிரல் எழுதப்பட்டால், நாள் தேவை 120 வாட் மணியிலிருந்து ஏறக்குறைய 10 வாட் மணியாகக் குறையும். உறக்க நிலையில் செலவாகும் சிறு மின்சாரத்தைச் சேர்த்தாலும், 10 வாட் தகடும் 10 ஆம்பியர் மணி அளவிலான பேட்டரியும் போதும்.

இடைவிடாது இயங்க வேண்டிய கருவியிலும் படிப்படியான குறைப்பு இயலும். பேட்டரி மின்னழுத்தம் குறையும்போது தரவு அனுப்பும் இடைவெளியை நீட்டுதல், ஒளிப்படங்களை நிறுத்தி எண்களை மட்டும் அனுப்புதல் போன்ற முறைகள் பயன்படுத்தப்படுகின்றன.

தகட்டை நிறுவுதல்

மதுரைப் பகுதியில் தகடு தெற்கு நோக்கி இருத்தல் வேண்டும். ஆண்டு முழுவதற்குமான மிகுந்த ஆற்றலுக்கு ஏறக்குறைய 10 பாகைச் சாய்வு போதுமானது. எனினும் தொலைவிடக் கருவிகளுக்கு 15 முதல் 20 பாகை வரை சாய்ப்பது நல்லது. இதனால் வெயில் குறைந்த நவம்பர், டிசம்பர் மாதங்களில் கிடைக்கும் ஆற்றல் சற்றுக் கூடுகின்றது. மழைநீர் தூசியை அடித்துச் செல்லவும் இச்சாய்வு உதவுகின்றது.

நிழல் முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும். கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு கலத்தின் மீது விழும் நிழல் அந்தத் தொடர் முழுவதன் மின்னோட்டத்தையும் தடுக்கின்றது. நிழலில் உள்ள கலம் மின்சாரத்தைத் தருவதற்கு மாறாக அதை உட்கொண்டு சூடாகும். இதனைத் தவிர்க்கவே தகட்டின் பின்புறப் பெட்டியில் மாற்றுவழி டையோடுகள் வைக்கப்பட்டுள்ளன. ஆயினும் பாதித் தகட்டின் திறன் இழக்கப்படலாம். தென்னை ஓலை, அலைவாங்கிக் கம்பம், கொடி ஆகியவற்றின் நிழல் காலையிலும் மாலையிலும் எங்கு விழுகின்றது என்பதை நிறுவும் முன்னரே பார்த்தல் வேண்டும். மார்ச்சில் நிழலற்ற இடம் டிசம்பரில் தெற்கே உள்ள மரத்தால் நிழல் பெறக்கூடும்.

ஆடி மாதக் காற்றைத் தாங்கும் வகையில் சட்டமும் கம்பமும் உறுதியாக இருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளும் பூட்டு மரைகளும் உகந்தவை. திருட்டைத் தடுக்க, தனிக் கருவியால் மட்டுமே கழற்றக்கூடிய திருகுகள் பயன்படுத்தப்படுகின்றன.

கம்பிகள்

குறைந்த மின்னழுத்தத்தில் கம்பியின் தடிமன் முதன்மையானது. 10 மீட்டர் தொலைவுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 5 ஆம்பியர் பாயும்போது, போக வர 20 மீட்டரில் சுமார் 0.7 வோல்ட் இழக்கப்படுகின்றது. 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இது சுமார் 0.3 வோல்ட் மட்டுமே. கோடையில் தகடு தருவதே 15 வோல்ட்டுக்கும் குறைவு என்பதால் இந்த 0.4 வோல்ட் வேறுபாடு பேட்டரி நிரம்புவதையும் நிரம்பாமையையும் தீர்மானிக்கக்கூடும். வெளியில் செல்லும் கம்பியின் உறை புறஊதாக் கதிரைத் தாங்குவதாக இருக்க வேண்டும். வீட்டு இணைப்புக்கான சாதாரணக் கம்பி வெயிலில் சில ஆண்டுகளில் வெடித்துவிடும்.

பேட்டரியும் அதன் பாதுகாப்பும்

ஈய-அமிலப் பேட்டரி

12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரி முழுமையாக மின்னேறிச் சில மணி நேரம் ஓய்வில் இருக்கும்போது 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். ஏறக்குறைய 12.2 வோல்ட் என்பது பாதி அளவு. 11.8 வோல்ட் என்பது பெரும்பாலும் தீர்ந்த நிலை.

குறைந்த மின்னேற்றத்தில் நெடுநாள் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈயச் சல்பேட்டுப் படிகங்கள் வளர்ந்து இறுகுகின்றன. பின்னர் மின்னேற்றினாலும் இவை முழுமையாகக் கரைவதில்லை. இது சல்பேட்டாதல் எனப்படும். மழைக்காலத்தில் கெடும் பேட்டரிகளுள் பல இவ்வாறு கெடுபவையே.

இதனைத் தடுக்கக் கட்டுப்படுத்தி குறைந்த மின்னழுத்தத்தில் சுமையைத் துண்டிக்கின்றது. பல கட்டுப்படுத்திகளில் துண்டிப்பு அளவு 11.1 முதல் 11.5 வோல்ட் வரை அமைக்கப்பட்டிருக்கும். இது பெரிய சுமைகளுக்கு உரியது. பெரிய பேட்டரியிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம் எடுக்கும் கருவியில், 11.3 வோல்ட்டை எட்டும் முன்னரே பேட்டரி முற்றிலும் தீர்ந்திருக்கும். அளவை மாற்ற இயலுமாயின் 11.8 முதல் 12.0 வோல்ட் வரை வைப்பது நல்லது. மீண்டும் இணைக்கும் அளவு 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால், சுமை நீங்கியவுடன் மின்னழுத்தம் சற்று ஏறி, கருவி மீண்டும் இயங்கி, உடனே மீண்டும் நின்று, இவ்வாறே பலமுறை நிகழும். இது கருவியின் நினைவகத்தையும் கெடுக்கும்.

வெப்பத்தின் தாக்கம்

பேட்டரியின் வெப்பநிலை ஏறக்குறைய 10 பாகை உயர்ந்தால் அதன் வாழ்நாள் பாதியாகக் குறையும் என்பது பொதுவான மதிப்பீடு. வெயிலில் நிற்கும் மூடிய இரும்புப் பெட்டியினுள் வெப்பநிலை வெளிக்காற்றைவிட மிகவும் உயர்வாக இருக்கும். எனவே பெட்டியைத் தகட்டின் நிழலிலோ கம்பத்தின் வடக்குப் பக்கத்திலோ வைத்து, வெள்ளை வண்ணம் பூசி, மேலும் கீழும் காற்றோட்டத் துளைகள் அமைக்க வேண்டும். துளைகளுக்குப் பூச்சி புகாத வலை தேவை. ஏப்ரல் முதல் ஆகத்து வரை நண்பகலில் சூரியன் வடக்கே இருப்பதால், வடக்குப் பக்கப் பெட்டிக்கும் மேற்கூரை வேண்டும்.

சூடான பேட்டரிக்குக் குறைந்த மின்னேற்ற மின்னழுத்தம் போதும். 25 பாகையில் 14.4 வோல்ட் என்றால், 45 பாகையில் சுமார் 13.9 வோல்ட் போதுமானது. வெப்ப ஈடுசெய்தல் இல்லாத கட்டுப்படுத்தி கோடையில் பேட்டரியின் நீரை வற்றச் செய்யும்.

லித்தியம் இரும்புப் பாசுபேட்டு பேட்டரி

நான்கு கலங்கள் கொண்ட இதன் பெயரளவு மின்னழுத்தம் 12.8 வோல்ட். எடை குறைவு, 80 விழுக்காடு வரை இறக்கினாலும் பல ஆயிரம் சுழற்சிகளைத் தாங்கும், பாதி மின்னேற்றத்தில் கிடந்தாலும் சல்பேட்டாதல் இல்லை. ஆனால் இதற்கு உள்ளே மின்னணுக் காப்புச் சுற்று கட்டாயம் இருத்தல் வேண்டும். கட்டுப்படுத்தியிலும் இவ்வகைக்கு உரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதன் மின்னழுத்தம் நீண்ட நேரம் மாறாமல் இருப்பதால், வோல்ட் அளவை மட்டும் கொண்டு மீதமுள்ள மின்னேற்றத்தைத் துல்லியமாக அறிய இயலாது. மிகை வெப்பம் இதன் வாழ்நாளையும் குறைக்கும்.

பராமரிப்பு

தூசி நீக்கல்

செம்மண் புழுதி, செங்கற்சூளைப் புகை, சாலைத் தூசி, பறவை எச்சம் ஆகியன மதுரைச் சமவெளியில் தகட்டின் மீது படிகின்றன. மெல்லிய சீரான தூசி திறனைச் சிறிது சிறிதாகக் குறைக்கின்றது. பறவை எச்சமோ ஒரு கலத்தை மறைத்து நிழலைப் போலவே செயல்படுகின்றது.

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016 இல் அமைக்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் தகடுகளைத் துடைக்கத் தானியங்கி இயந்திரங்கள் பயன்படுத்தப்படுகின்றன. தனித்து நிற்கும் ஒற்றைத் தகட்டுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. வறண்ட மாதங்களில் இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை துடைப்பது போதுமானது.

துடைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- விடியற்காலையிலோ மாலையிலோ துடைக்க வேண்டும். நண்பகலில் சூடான கண்ணாடியின் மீது குளிர்ந்த நீர் ஊற்றினால் அது விரிசல் விடக்கூடும்.
- ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கடினநீராக உள்ளது. அது காய்ந்தபின் கண்ணாடியில் வெண்மையான உப்புப் படிவை விட்டுச் செல்லும். மழைநீர் அல்லது மென்னீர் சிறந்தது. வேறு நீர் இல்லையெனில் ஊற்றியவுடன் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும்.
- மென்மையான துணி அல்லது பஞ்சு போதும். மணல், சாம்பல், தேங்காய் நார், உலோக நார் ஆகியன கண்ணாடியைக் கீறும்.
- தகட்டின் மீது ஏறவோ சாயவோ கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் கலங்களில் உண்டாகும்.

பருவத்தையொட்டிய பரிசோதனை

மாசி-பங்குனி: பேட்டரிப் பெட்டியின் நிழலும் காற்றோட்டமும் சரிபார்த்தல். நீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் நீர்மட்டம் பார்த்துக் காய்ச்சி வடித்த நீரை மட்டும் சேர்த்தல். அமிலமோ குழாய்நீரோ சேர்க்கக் கூடாது.

வைகாசி-ஆனி: ஆடிக் காற்றுக்கு முன் திருகுகள், கம்பம், சட்டம் ஆகியவற்றை இறுக்குதல்.

புரட்டாசி: ஆண்டின் முதன்மைப் பரிசோதனை. தகட்டைத் துடைத்தல், வளர்ந்த கிளைகளை வெட்டுதல், நிலஇணைப்பைச் சரிபார்த்தல், மழைநீர் புகும் இடைவெளிகளை அடைத்தல், பேட்டரியின் கொள்ளளவைச் சோதித்தல். நலிந்த பேட்டரியை இப்போதே மாற்ற வேண்டும். மழை தொடங்கியபின் மாற்றினால் புதிய பேட்டரியும் நிரம்பாமலே கிடக்கும்.

தை: மழைக்குப்பின் துரு, ஈரம், எறும்புப் புற்று, குளவிக்கூடு, எலி கடித்த கம்பி ஆகியவற்றைப் பார்த்தல். அழகர்கோவில் போன்ற மலையடிவாரப் பகுதிகளில் குரங்குகள் கம்பியை இழுப்பதால் கம்பிகளைக் குழாயினுள் செலுத்துவது நல்லது.

மின்னழுத்தப் பதிவிலிருந்து பழுதை அறிதல்

தரவு அனுப்பும் கருவி தனது பேட்டரி மின்னழுத்தத்தையும் உடன் அனுப்புமாறு அமைத்தால், பெரும்பாலான பழுதுகளை நேரில் செல்லாமலே முன்கூட்டி அறியலாம். சூரியன் எழுவதற்கு முன் எடுக்கப்படும் அளவு மிகவும் பயனுள்ளது.

- விடியற்கால அளவு நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைதல்: தூசி, புதிய நிழல், அல்லது கூடிய சுமை.
- காலையில் மிக விரைவாக 14 வோல்ட்டை எட்டி, இரவில் விரைவாக வீழ்தல்: பேட்டரியின் கொள்ளளவு குறைந்துவிட்டது.
- பகலிலும் மின்னழுத்தம் ஏறாமை: தகட்டின் இணைப்பு அறுந்தது, உருகி எரிந்தது, அல்லது தகடு திருடுபோனது.
- பேட்டரி எப்போதும் ஏறக்குறைய 10.5 வோல்ட்டில் நிற்றல்: ஆறு கலங்களுள் ஒன்று செயலிழந்தது.

பாதுகாப்பு

12 வோல்ட் மின்சாரம் பொதுவாக உடலில் அதிர்ச்சி தருவதில்லை. ஆனால் பேட்டரியின் இரு முனைகளை ஒரு திருப்புளி இணைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து உலோகம் உருகும். கண்ணிலும் கையிலும் தீக்காயம் ஏற்படும். மோதிரம், காப்பு, உலோகக் கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, மின்காப்பிட்ட கருவிகளைக் கொண்டே பணி செய்ய வேண்டும்.

உருகி பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் பொருத்தப்பட வேண்டும். அது கம்பியைக் காப்பதற்கானது. எனவே அதன் அளவு கம்பி தாங்கும் மின்னோட்டத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எரிந்த உருகிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றுவது தீவிபத்துக்கு வழிவகுக்கும்.

இணைக்கும்போது முதலில் பேட்டரி, பின்னர் தகடு, இறுதியில் சுமை என்ற வரிசையைப் பின்பற்ற வேண்டும். கழற்றும்போது இவ்வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் தகட்டை மட்டும் இணைத்தால் 20 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் சில கட்டுப்படுத்திகளையும் சுமையையும் கெடுக்கும்.

ஒளி படும்வரை தகட்டில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். அதனை நிறுத்தும் பொத்தான் இல்லை. பணிசெய்யும்போது தடித்த துணியால் மூடிவிட வேண்டும். பல தகடுகள் தொடராக இணைக்கப்பட்ட அமைப்பில் மின்னழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவை எட்டும். மின்னோட்டம் பாயும்போது இணைப்பைப் பிரித்தால் நேர்மின்னோட்டப் பொறி எளிதில் அணையாது.

ஈய-அமிலப் பேட்டரி மின்னேறும்போது ஐதரசன் வளிமம் வெளியாகின்றது. காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே அது வெடிக்கக் கூடியது. மூடிய பெட்டியைத் திறந்து சிறிது நேரம் காற்றாட விட்ட பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். பீடி, தீக்குச்சி ஆகாது. அமிலம் கண்ணில் பட்டால் நிறைய நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கம்பத்தின் உச்சியில் உள்ள அலைவாங்கியும் தகடும் இடி மின்னலுக்கு இலக்காகும். கம்பம், தகட்டின் சட்டம், பெட்டி ஆகிய மூன்றும் ஒரே நிலஇணைப்பில் சேர வேண்டும். மின்னெழுச்சிக் காப்புக் கருவிகளும் பொருத்தப்பட வேண்டும். இடியோசை கேட்கும்போது கம்பத்தில் ஏறக்கூடாது. மேலே செல்லும் மின்வாரியக் கம்பிகளுக்கு அருகில் அலுமினிய ஏணியைப் பயன்படுத்துவது உயிரைப் பறிக்கக் கூடியது.

எடுத்துக்காட்டு: தேனிக் கண் பரிசோதனை மையங்கள்

1976 இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊரகப் பகுதிகளில் கண் பரிசோதனை மையங்களை 2004 முதல் ஏற்படுத்தி வருகின்றது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியைப் பரிசோதிப்பார். மருத்துவமனையில் உள்ள மருத்துவர் நிகழ்படத் தொடர்பின் வழியாக நோயாளியுடன் உரையாடுவார். தேனி மருத்துவமனையை ஆண்டிப்பட்டி முதலிய ஊர்களின் ஐந்து மையங்களோடு இணைக்க, பெர்க்கிலி கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் தலைமையிலான குழுவினர் நெடுந்தொலைவு வைஃபை இணைப்புகளை அமைத்தனர்.

இவ்வலையமைப்பை நடத்திய பட்டறிவை அக்குழு 2008 இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டது. கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் காட்டிலும் மின்வழங்கலின் தரக்குறைவே பழுதுகளுக்குப் பெருங்காரணம் என்பது அதன் முதன்மையான முடிவுகளுள் ஒன்று. 230 வோல்ட் இருக்க வேண்டிய இணைப்பில் 1000 வோல்ட் வரையிலான துடிப்புகளும், 70 வோல்ட்டுக்குக் கீழான வீழ்ச்சிகளும் பதிவாயின. திடீரென மின்சாரம் நின்று வருவதால் கருவிகளின் நினைவக அட்டைகள் கெட்டன. குறைந்த மின்னழுத்தத்தில் கருவி முழுமையாக நிற்காமலும் சரியாக இயங்காமலும் செயலிழந்து கிடந்தது. இவற்றுக்குத் தீர்வாக, குறைந்த மின்னழுத்தத் துண்டிப்பும் உச்சத்திறன் தேடலும் கொண்ட மலிவான சூரிய மின்னேற்றக் கட்டுப்படுத்தி ஒன்றை அக்குழுவினர் வடிவமைத்தனர்.

இங்கு இணைப்பு அறுந்தால் இழப்பு கருவிக்கு மட்டும் அன்று. கூலி வேலையை விட்டுவிட்டு மையத்துக்கு வந்த நோயாளி மருத்துவரைக் காணாமல் திரும்ப நேரும். தொலைவிடக் கருவியின் மின்வழங்கலைச் சிறு செலவாகக் கருதி இறுதியில் சேர்க்காமல், திட்டத்தின் தொடக்கத்திலேயே கணக்கிட வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கழிவகற்றல்

பழைய பேட்டரியில் ஈயமும் கந்தக அமிலமும் உள்ளன. அதனை உடைப்பதும், அமிலத்தை நிலத்திலோ கண்மாயிலோ ஊற்றுவதும் நீரையும் மண்ணையும் நஞ்சாக்கும். ஈயம் குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்தியாவில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 இன்படி பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது உற்பத்தியாளரின் பொறுப்பாகும். புதிய பேட்டரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்து விலையில் கழிவு பெறுவது வழக்கில் உள்ளது. சூரியத் தகடுகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்கீழ் வருகின்றன.

இவற்றையும் பார்க்க

- சூரிய ஆற்றல்
- ஈய-அமில மின்கலம்
- வடகிழக்குப் பருவமழை
- தானியங்கி வானிலை நிலையம்
- அரவிந்த் கண் மருத்துவமனை